காசைப் பார்க்கும் கண்

2025ஆம் வருஷம் நவம்பர் மாதம் 12ந் தேதி, அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து நாணயச் சாலையில் ஒரு சிறு சடங்கு நடைபெற்றது. அந்தத் தேசத்தின் ஒரு ஸெண்டு நாணயம், ஜனங்களின் புழக்கத்துக்காக அன்றுதான் கடைசி முறையாக அச்சிடப்பட்டது. 1793ஆம் வருஷத்தில் எந்த நகரத்தில் பிறந்ததோ, அந்த நகரத்திலேயே 232 வருஷங்கள் கழித்து அந்தக் காசு ஓய்வு பெற்றது. ஓய்வுக்குக் காரணம் எளியது. ஒரு ஸெண்டு நாணயத்தைச் செய்து முடிக்க மூன்றரை ஸெண்டுக்கு மேல் செலவாகி வந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிமார் சொன்னதை அமெரிக்க நிதி இலாகா தெரிந்துகொள்ளச் சற்று நாளாயிற்று.

கடைவீதியை விட்டுப் போன காசைப் பற்றி இங்கே என்ன பேச்சு என்று நேயர்கள் கேட்கலாம். கடைவீதியில் ஒரு காசின் வாழ்வு முடியும் இடத்தில்தான் அதற்கு மறுபிறவி உண்டாகிறது. வியாபாரி கைவிட்டதைச் சேகரிப்பவர் கையில் எடுத்துக்கொள்கிறார். காசு பார்க்க வேண்டும் என்று அலைகிறவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கானவர்கள்; காசைப் பார்க்கிறவர்கள் மிகச் சிலர். அமெரிக்காவின் பழைய செப்பு ஸெண்டுகளை அப்படிப் பார்த்துப் பார்த்து, அவற்றைத் தரம் பிரிப்பதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கிவிட்டவர்களைப் பற்றி இவ்வாரம் சொல்ல உத்தேசிக்கிறோம். அந்தச் சாஸ்திரத்தை வகுத்தவருடைய கதையும் அதில் சேர்ந்து வருகிறது. அது ஓர் உபாத்தியாயரைச் சிந்தனையில் ஆழ்த்தக்கூடிய கதை.

கடைசியாக அச்சான ஸெண்டு, துத்தநாகத்தின்மேல் செம்பு முலாம் பூசிய சிறு வில்லை. 1793 முதல் 1857 வரை வெளிவந்த பழைய ஸெண்டோ முழுச் செம்பு. அகலத்தில் நமது பழைய வெள்ளி ரூபாயைவிடச் சற்றே சிறியது. எடையில் ரூபாயையும் மிஞ்சியது. வெள்ளி ரூபாயின் நிறை 180 கிரெயின். முதல் ஸெண்டின் நிறை 208 கிரெயின். செம்பின் விலை ஏறியதால் 1795ஆம் வருஷ இறுதியில் ஜனாதிபதி வாஷிங்டன் அதை 168 கிரெயினாகக் குறைத்தார். அதற்கு முன் காசின் விளிம்பைச் சுற்றி "ஒரு டாலருக்கு நூறு" என்ற பொருள்பட ஒரு வாசகம் பொறித்திருந்தது. காசு மெலிந்ததும் விளிம்பில் எழுத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

இந்தக் காசில் யாருடைய முகத்தைப் பொறிப்பது என்பதைப் பற்றி 1792இல் அமெரிக்கக் காங்கிரஸில் பலத்த விவாதம் நடந்தது. அப்போதைய ஜனாதிபதியின் தலையைப் பொறிக்கலாம் என்று மேல்சபையார் சொன்னார்கள். பிரதிநிதி சபையாருக்கு அது பிடிக்கவில்லை. உயிரோடிருக்கும் ஆளுவோனின் தலையைக் காசில் வைப்பது மன்னர்களின் வழக்கம். மன்னனை விரட்டிவிட்டு வந்தவர்களுக்கு அது அழகாகுமா என்று வாதித்தார்கள். கடைசியில் சுதந்திரத்தைக் குறிக்கும் ஓர் உருவமே நாணயத்தில் இருக்க வேண்டும் என்று சட்டமாயிற்று. அந்நிய ராஜாவின் தலை பொறித்த காசையே தலைமுறை தலைமுறையாக முந்தியில் முடிந்து வைத்திருந்த நமக்கு, அந்த விவாதத்தின் ருசி நன்றாகத் தெரியும்.

சட்டம் ஆயிற்று, காசும் வந்தது. 1793 மார்ச்சு மாதத்தில் வெளியான முதல் ஸெண்டின் ஒரு பக்கத்தில், தலைமயிர் காற்றில் பறக்க ஒரு ஸ்திரீயின் முகம். அவள்தான் சுதந்திர தேவி. மறுபக்கத்தில் 15 வளையங்கள் கொண்ட ஒரு சங்கிலி. அக்காலத்தில் இருந்த 15 மாகாணங்களும் பிரியாமல் இணைந்திருப்பதைக் காட்டவே அப்படிச் செய்தார்கள். ஆனால் பத்திரிகையில் எழுதிய ஒருவர், சங்கிலி சுதந்திரத்துக்கு நல்ல சகுனம் ஆகாது என்றும், தேவியின் முகத்தைப் பார்த்தால் அவளே எதற்கோ மிரண்டு நிற்பதுபோல் இருக்கிறதென்றும் பரிகாசம் செய்தார். சுமார் 36,000 காசுகள் அடித்த பிறகு சங்கிலி போய், அதனிடத்தில் இலைமாலை வந்தது. அவ்வருஷ முடிவுக்குள் தேவியின் உருவமும் மாறிற்று. அவளுக்குப் பின்னால் ஒரு கழியில் குல்லாய் ஒன்று காணப்பட்டது. பழைய ரோமாபுரியில், விடுதலையான அடிமைக்கு அணிவிக்கும் குல்லாய் அது. அதே 1793ஆம் வருஷத்தில்தான், தப்பி ஓடிய அடிமையைப் பிடித்து எஜமானனிடம் ஒப்படைக்க வகைசெய்யும் சட்டமும் அத்தேசத்தில் நிறைவேறியது. அடிமை முறை ஒழிவதற்கு 1865ஆம் வருஷம் வரவேண்டியிருந்தது. பத்திரிகைக்காரர் கண்ட அபசகுனம் அவ்வளவு பொய்யானதன்று.

சுதந்திர தேவியின் முகத்துக்கு வேண்டிய செம்பும் சுயேச்சையாகக் கிடைத்ததில்லை. தொடக்கத்தில் கிடைத்த செம்பையெல்லாம் உருக்கித் தகடாக்கிச் சமாளித்தார்கள். சில வருஷங்களுக்குள், எந்த இங்கிலாந்தை எதிர்த்துச் சண்டையிட்டு விடுதலை பெற்றார்களோ, அந்த இங்கிலாந்திலிருந்தே முத்திரையிடாத வெற்றுச் செப்பு வில்லைகளை வரவழைக்கலானார்கள். பர்மிங்ஹாம் நகரில் நீராவி யந்திரத்தைக் கொண்டு நாணயத் தொழில் நடத்திய மாத்யூ போல்டன் அந்த வில்லைகளைச் செய்து அனுப்பினார். 1812இல் இங்கிலாந்துடன் மறுபடியும் யுத்தம் மூண்டது. வில்லைகள் வருவது நின்றது. 1793 முதல் வருஷந்தோறும் தவறாமல் தேதியிட்டு வந்த ஸெண்டு, 1815ஆம் வருஷத் தேதியுடன் மட்டும் கிடையாது. சேகரிப்பவரின் பேழையில் அந்த ஒரு குழி எப்போதும் காலியாகவே இருக்கும்.

இதே போல்டனின் தொழிற்சாலையிலிருந்து நம் சென்னை ராஜதானிக்கும் செப்புக் காசு வந்தது. கும்பினியாருக்காக அங்கே அடித்த 1803ஆம் வருஷத்து இருபது காசு நாணயத்தை நேயர்களில் சிலர் பழைய பெட்டிகளில் பார்த்திருக்கலாம். ஒரு பக்கத்தில் கும்பினியின் சிங்கமும் கேடயமும். மறுபக்கத்தில் பாரசீக எழுத்து. 1808ஆம் வருஷத் தேதியிட்ட காசுகளைச் சுமந்து புறப்பட்ட "அட்மிரல் கார்ட்னர்" என்னும் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையோரத்து மணற்றிட்டில் மோதி மூழ்கிற்று. 1980களில் அந்தக் காசுகள் ஏராளமாக மேலே எடுக்கப்பட்டன. ஒரே ஊரார் பிலடெல்பியாவுக்கு அனுப்பியது வெறும் வில்லை. சென்னைக்கு அனுப்பியது முத்திரை குத்திய காசு. தன் காசில் தன் முத்திரையைத் தானே குத்திக்கொள்ளும் உரிமைக்குப் பெயர்தான் சுயராஜ்யம்.

இனிச் சேகரிப்பின் கதைக்கு வருவோம். 1857ஆம் வருஷத்தில் அமெரிக்க அரசாங்கத்தார் கனமான பழைய ஸெண்டை நிறுத்திவிட்டு, நிக்கல் கலந்த சிறு ஸெண்டை வெளியிட்டார்கள். மே மாதம் 25ந் தேதி, பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கப் பிலடெல்பியா நாணயச் சாலையின் முன் பெருங்கூட்டம் கூடிற்று. பழையது மறையப் போகிறது என்றதும் ஜனங்களுக்கு அதன்மேல் ஆசை பிறந்தது. சிறு வயதில் கையாண்ட காசாயிற்றே என்று வருஷத்துக்கு ஒன்றாகத் தேடி எடுத்து வைக்கலானார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னோடியாக இருந்தவர் அதே நகரத்தில் இசைக் கருவிகளைச் செப்பனிட்டு வந்த ஜோஸப் மிக்லி என்பவர். தாம் பிறந்த வருஷத்து ஸெண்டு ஒன்று வேண்டும் என்று இளமையில் தேடத் தொடங்கியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவர் பிறந்தது 1799. அந்த வருஷத்து ஸெண்டு கிடைப்பதற்கு மிகவும் அரியது. எளிதில் கிடைக்கும் வருஷத்தில் பிறந்திருந்தால் மிக்லி ஒரு காசோடு திருப்தியடைந்திருப்பார் போலும்! அருமை மிகுந்ததால் மோசடியும் மிகுந்தது. 1798ஆம் வருஷத்துக் காசில் கடைசி 8ஐச் சீவிச் செதுக்கி 9 ஆக்கி விற்கும் கைவேலைக்காரர்கள் தோன்றினார்கள்.

அவர்களைக் கண்டுபிடிக்க என்ன வழி? காசைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அக்காலத்தில் அச்சு வார்ப்பு ஒவ்வொன்றிலும் எழுத்தையும் எண்ணையும் தொழிலாளி கையாலேயே குத்தினான். ஆகையால் ஒரு வார்ப்பைப் போல் மற்றொன்று இராது. ஒன்றில் இலையின் நுனி எழுத்தின் காலைத் தொடும், இன்னொன்றில் தொடாது. 1794ஆம் வருஷத்து வார்ப்பு ஒன்றில், ஏனென்று யாருக்கும் விளங்காதபடி, விளிம்பு ஓரத்தில் 94 நுண்ணிய நட்சத்திரங்கள் வரிசையாக இருக்கின்றன. எந்தக் காசு எந்த வார்ப்பில் பிறந்தது என்று தெரிந்தவனிடம், 8ஐ 9 ஆக்கிய கைவேலை செல்லாது.

வகையைக் கண்டறிந்த பின்னர் வருவது தரம். இதுதான் கடினமான பகுதி. காசில் முதலில் தேய்வது மேடான இடம். தேவியின் நெற்றிக்கு மேலுள்ள கூந்தல், காதோரத்துச் சுருள், தோள், மறுபக்கத்தில் இலைகளின் நடு நரம்பு ஆகியவற்றைப் பூதக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். கூந்தலின் இழைகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, ஒன்றாகக் குழைந்துவிட்டனவா? அங்கேயும் ஓர் ஏமாற்று உண்டு. அச்சு சரியாக விழாததால் மங்கிய இடமும், கைபட்டுத் தேய்ந்த இடமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். தேய்ந்த இடத்தில் செம்பின் இயற்கைத் தோல் போயிருக்கும். மங்கிய இடத்தில் அது அப்படியே இருக்கும். வெளிச்சத்தில் காசை மெல்லச் சாய்த்துப் பார்த்தால் வித்தியாசம் புலப்படும்.

அப்புறம் நிறம். செம்பு உயிருள்ளது போன்ற உலோகம். புதிதாகப் பிறந்தபோது சிவந்திருக்கும்; வயதாக ஆகப் பழுப்பேறும்; ஈரம் பட்டால் பச்சைக் களிம்பு பிடிக்கும்; மண்ணில் கிடந்தால் அம்மைத் தழும்புபோல் முகம் பொரியும். விரலின் வியர்வைகூட அதில் ரேகையாகப் பதிந்துவிடும். ஆகையால் அனுபவசாலிகள் காசை விளிம்பில்தான் பிடிப்பார்கள். நம் இல்லங்களில் செப்புக் குடத்தைப் புளியிட்டுத் துலக்கிச் சூரியனைப்போல் வைத்திருப்பது பெருமைக்குரிய வழக்கம். அதே காரியத்தைப் பழைய காசுக்குச் செய்தால் அது கொலைக்குச் சமானம். நூற்றைம்பது வருஷங்களாகச் செம்பு தனக்குத் தானே தேடிக்கொண்ட தோலைப் புளி ஐந்து நிமிஷத்தில் உரித்துவிடும். பிறகு தோன்றும் பளபளப்பு இளமையின் பளபளப்பாகாது. கண் தெரிந்தவர் அதைத் தூர எட்டி நின்றே கண்டுகொள்வார், விலையும் விழுந்துவிடும்.

இப்படிப் பார்த்ததையெல்லாம் எப்படிச் சொல்வது? விற்பவர் "மிக நன்று" என்பார். வாங்குபவர் "சுமார்" என்பார். இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்ட முன்வந்தவர் வில்லியம் ஷெல்டன். 1949ஆம் வருஷத்தில் பழைய ஸெண்டுகளைப் பற்றி அவர் எழுதிய நூலில், 1793 முதல் 1814 வரையுள்ள வார்ப்பு வகைகளை வரிசைப்படுத்தி எண்ணிட்டார். அத்துடன் 1 முதல் 70 வரை ஒரு மதிப்பெண் முறையையும் வகுத்தார். இன்ன காசு என்று அடையாளம் மட்டும் தெரிந்தால் 1. நாணயச் சாலையிலிருந்து அப்போதுதான் வந்ததுபோல் மாசு மறுவற்றிருந்தால் 70. இடையிலுள்ள 4க்குப் பெயர் "குட்", 8க்கு "வெரி குட்", 12க்கு "ஃபைன்", 20க்கு "வெரி ஃபைன்", 40க்கு "எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்". எழுபதுக்கு நாலு வாங்கிய பையனை "நல்லவன்" என்று அழைக்கும் பரீக்ஷை உலகத்தில் இது ஒன்றுதான்!

இந்த எண்கள் ஒழுங்கின்றித் தாவுவதற்குக் காரணம் உண்டு. ஷெல்டன் அளந்தது அழகை மட்டும் அல்ல. விலையையும் சேர்த்தே அளந்தார். ஒரு வகைக் காசு மிகத் தேய்ந்த நிலையில் ஒரு டாலர் பெறுமானால், 20ஆம் தரத்தில் இருபது டாலர், 70ஆம் தரத்தில் எழுபது டாலர் என்பது அவர் கணக்கு. அக்காலத்துச் சந்தைக்கு அது ஓரளவு பொருந்திற்று. சில வருஷங்களில் சந்தை கணக்கை உதறிவிட்டு ஓடிற்று. 1793ஆம் வருஷத்துச் சங்கிலிக் காசு ஒன்று 2012இல் நடந்த ஏலத்தில் 13 லக்ஷத்து 80 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. தேய்ந்து உருமாறிய அதே வகைக் காசு சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும். எழுபது மடங்கு எங்கே, இது எங்கே? கணக்கு இறந்தது, எண்கள் மட்டும் தங்கின. செப்பு ஸெண்டுக்கென்று பிறந்த அந்த எழுபது, பிற்பாடு அமெரிக்காவின் பொன், வெள்ளி நாணயங்களுக்கெல்லாம் அளவுகோலாகிவிட்டது.

ஷெல்டனுடைய தொழில் மனோதத்துவ ஆராய்ச்சி. எதையும் எண்ணால் அளப்பதில் அவருக்கு அடங்காத மோகம். 1940இல் வெளியிட்ட ஒரு நூலில் மனிதர்களின் உடலமைப்பையே மூன்று கூறாக்கி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் இட்டார். உடலைப் பார்த்தே சுபாவத்தைச் சொல்லிவிடலாம் என்பது அவர் கொள்கை. அக்கொள்கையை விஞ்ஞானிகள் பின்னர் தள்ளிவிட்டார்கள். காசுக்கு இட்ட எண் நிலைத்தது. மனிதனுக்கு இட்ட எண் நிலைக்கவில்லை.

அவர் 1977இல் காலமானார். அதற்குப் பிறகே ஒரு சமாசாரம் வெளிப்பட்டது. ஜார்ஜ் கிளாப் என்ற செல்வர் தாம் அரும்பாடுபட்டுச் சேர்த்த பழைய ஸெண்டுகளை 1940களில் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்துக்குத் தானமாகக் கொடுத்திருந்தார். அவற்றை ஆராயும் உரிமை ஷெல்டனுக்கு இருந்தது. சங்கத்தார் நாளடைவில் தங்கள் காசுகளைப் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டபோது பல காசுகள் பொருந்தவில்லை. வகை அதுவேதான், காசு வேறு. நல்ல காசை எடுத்துக்கொண்டு, அதே வகையில் தாழ்ந்த காசு ஒன்றை அதன் இடத்தில் வைத்திருக்கிறார். அப்படி மாறியவை நூற்றுக்கு மேற்பட்டவை. சில அவரிடமிருந்து பிறர் கைக்கு விலையாகவும் போயிருந்தன. அதைப் பற்றிய வழக்கு 1990களில் கலிபோர்னியா நீதிமன்றங்கள் வரை சென்றது.

நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு செப்புக் காசுக்கும் தனி முகம் உண்டு, ஒரு கீறலையும் புள்ளியையும் விடாமல் பார்க்க வேண்டும் என்று ஒரு தலைமுறைக்கே கற்பித்தவர் ஷெல்டன். அவர் கற்பித்த அந்தப் பார்வைதான் அவரையே காட்டிக்கொடுத்தது. குருவிடம் பயின்ற வித்தையைச் சிஷ்யர்கள் குருவின் பேரிலேயே பிரயோகிக்க நேர்ந்தது. அவர்கள் அதற்குத் தயங்காதது அவர்களுக்குப் பெருமை.

இதிலிருந்து அளவுகோல் பொய் என்று முடிவு செய்யலாமா? கூடாது. துலாக்கோலைச் செய்த கொல்லன் திருடனாக இருந்தாலும் கோல் நேராக நிறுக்கும். ஆனால் நிறுப்பவனே வாங்குகிறவனாகவும் விற்கிறவனாகவும் இருக்கும்போது, முள் அவன் பக்கம் சாயாதா என்ற கேள்வி எழுந்தே தீரும். விடைத்தாள் திருத்தியே காலங்கழிக்கும் உபாத்தியாயர்களாகிய நமக்கு இது புதிதல்ல. எவ்வளவு உத்தமரானாலும், தம் பிள்ளையின் விடைத்தாளைத் தாமே திருத்த எந்தப் பரீக்ஷை சபையும் இடம் கொடுப்பதில்லை. அவர் நேர்மையைச் சந்தேகித்து அவ்விதி ஏற்படவில்லை. அவர் நேர்மைக்குக் காவலாகவே ஏற்பட்டது.

நாணய உலகத்தாரும் மெல்ல மெல்ல இதை உணர்ந்தார்கள். வாங்குபவரும் விற்பவரும் அல்லாத மூன்றாமவர் கட்டணம் பெற்றுத் தரம் சொல்லி, காசைக் கண்ணாடி போன்ற பெட்டியில் அடைத்து முத்திரையிடும் வழக்கம் 1986 முதல் பரவிற்று. அதுவும் பூரண மருந்து என்று சொல்வதற்கில்லை. பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்து விலை கொடுப்பவர்கள் பெருகிவிட்டார்கள். பழஞ்செம்புப் பிரியர்கள் 1967இல் நிறுவிய சங்கத்தார் இன்னும் தங்கள் கண்ணையே நம்புகிறார்கள். தேய்மானத்துக்கு ஒரு எண், களிம்புக்கும் கீறலுக்கும் அதில் இவ்வளவு கழிவு, மிஞ்சியது இது என்று காரணத்தோடு சொல்கிறார்கள். பெட்டிக்காரர் 40 என்றதை இவர்கள் 30 என்று சொல்வது சாதாரணம். காரணம் சொல்லாத மதிப்பெண்ணைவிடக் காரணத்தோடு வரும் குறைந்த மதிப்பெண் மாணவனுக்கு உபகாரமானது என்பது நம் அனுபவம்.

இன்னொன்றும் நினைக்கத் தகும். பெட்டியில் உறங்கிய காசுக்கு 65. ரொட்டிக்கும் மெழுகுவர்த்திக்கும் கைமாறி ஊரெல்லாம் உழைத்த காசுக்கு 4. இது சந்தை செய்யும் மரியாதை. தேவியின் முகத்தைத் தேய்த்தவை உழைப்பாளிகளின் விரல்கள். காசு தேய்ந்தது என்றால், எதற்காகப் பிறந்ததோ அதைச் செய்தது என்று பொருள். தரத்தை எண்ணால் சொல்லலாம். தகுதியைச் சொல்ல எழுபது போதாது.

நேயர்களில் யாருடைய வீட்டிலாவது பழைய பெட்டியின் அடியில் கும்பினிக் காசோ வேறு செப்புக் காசோ கிடக்குமானால், என்ன விலை பெறும் என்று கேட்பதற்கு முன் அதைக் குழந்தைகளோடு உட்கார்ந்து நன்றாகப் பாருங்கள். விளிம்பில் பிடியுங்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், கண்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் உள்ளது உள்ளபடி குறித்து வையுங்கள். முடிந்தால் ஒரு புகைப்படமும் எடுத்து வையுங்கள். அதன் உபயோகம் இப்போது தெரிந்திருக்கும். புளியை மட்டும் சமையலறையிலேயே விட்டுவிடுங்கள்.